உரசாத இடத்தைப் பார்த்து வாங்குங்கள்

நான்கு நாள் வெளியூர் போய்விட்டு வந்து காரை எடுத்தால், கட்டுமாவடியில் முதல் நூறு அடிக்கு ஒரு சத்தம் வரும். தேங்காய் துருவுகிற சத்தம். பிரேக்கை நாலு முறை அழுத்தினால் போய்விடும். டிஸ்க்கின் முகத்தில் படிந்த செந்துருவைப் பேட் வழித்தெடுக்கிறது, அவ்வளவுதான். கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சத்தம். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டிய துரு சத்தம் போடுவதில்லை.

ஐப்பசியில் என் காரின் முன் டிஸ்க் இரண்டையும் பேட்களோடு மாற்றினேன். இப்போது பங்குனி. வாடைக்காலம் முழுக்க ஓடி முடித்து, ஏழாயிரம் கிலோமீட்டர் ஆகிவிட்டது. எழுதலாம் என்று தோன்றுகிற அளவுக்கு இப்போதுதான் தெளிவு வந்திருக்கிறது.

முதலில், கழற்றிய பழைய ஜோடியைப் பற்றி. இரண்டு வருடம்கூட முடியவில்லை. புதிதில் தடிமன் 20 மில்லிமீட்டர். ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 18. கழற்றி அளந்தபோது 19.2 இருந்தது. கணக்குப்படி பாதி ஆயுளுக்கு மேல் பாக்கி. ஆனால் வெளிவிளிம்பில் கிளம்பிய துரு உள்நோக்கி ஏறி, பேட் பிடிக்கும் அகலத்தில் ஒரு விரல் அளவைத் தின்றிருந்தது. இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்று போகிற சந்துகளில் துருச் செதில் அடைத்துக் கிடந்தது. டிஸ்க்கும் ஹப்பும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, சுத்தியலால் தட்டித்தான் பிரிக்க முடிந்தது. எண்பதில் போகும்போது பிரேக் அழுத்தினால் பெடல் துடித்ததற்குக் காரணம் அந்த ஹப் துருதான். டிஸ்க் உட்காரும் இடத்தில் ஒரு துருக்கட்டி இருந்தால் போதும், சுற்றும்போது விளிம்பு ஆட ஆரம்பித்துவிடும்.

அதாவது, அந்த டிஸ்க் தேய்ந்து சாகவில்லை. பேட் தொடாத இடங்களில் துருப்பிடித்துச் செத்தது.

பேட்டும் அப்படியே. உராய்வுப் பட்டை நல்ல தடிமனோடு இருந்தது. ஆனால் அதைத் தாங்குகிற இரும்புத் தகட்டுக்கும் பட்டைக்கும் நடுவே துரு புகுந்து பட்டையை ஓரத்தில் தூக்கியிருந்தது. நகக்கண்ணில் சிராய் ஏறுவது போல. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் பட்டை கழன்றிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில், இரவில், குறுக்கே மாடு வரும் நேரத்தில் அது கழன்றால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. நான் மாற்றப் போனபோதும், "பேட்ட மட்டும் மாத்துங்கண்ணே, டிஸ்க் தாங்கும்" என்றுதான் மெக்கானிக் சொன்னார். அளவு மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி. கடலோர வண்டிக்கு அளவு மட்டும் பார்த்தால் போதாது.

"பைக் டிஸ்க் மட்டும் எப்படிப் பளபளன்னு இருக்கு?" என்று பலர் கேட்கிறார்கள். பைக் டிஸ்க் துருப்பிடிக்காத எஃகு. கார் டிஸ்க் சாம்பல் வார்ப்பிரும்பு. கனமான வண்டியை நிறுத்தும் சூட்டை வாங்கிக் கடத்தவும், அதிர்வை விழுங்கிச் சத்தத்தைக் குறைக்கவும், விலை கட்டுப்படியாகவும் வார்ப்பிரும்புதான் சரி. ஆனால் ஒரே இரவு ஈரத்தில் அது சிவந்துவிடும். இங்கே காற்றிலேயே உப்பு. போதாததற்கு ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டிகளில் ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டே போகும். பின்னால் போகிற கார் அந்த உப்புத்தண்ணீரைச் சக்கரத்துக்குள் வாரிக்கொள்ளும்.

விளம்பரங்கள் இந்தத் துருவைப் பேசாததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1953-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு வென்றது. உலகம் டிஸ்க் பக்கம் திரும்பியதில் அந்த வெற்றிக்குப் பெரிய பங்கு உண்டு. பந்தயத்தின் கவலை சூடு. இன்றும் டிஸ்க் விளம்பரங்கள் அந்தச் சூட்டைத்தான் பேசுகின்றன: துளை போட்டது, கோடு கீறியது, பந்தயத் தரம். கட்டுமாவடியிலிருந்து அறந்தாங்கிக்குப் போய்வரும் காருக்குச் சூடு ஒரு பிரச்சினையே இல்லை. அடுத்தடுத்து இறங்க இங்கே மலை கிடையாது. துளை போட்ட டிஸ்க்கை இந்த ஊரில் வாங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஒவ்வொரு துளையும் உப்பு தங்கும் குழி. காசு கொடுத்துத் துருவுக்கு வீடு கட்டித் தருவது போல.

இந்த முறை நான் எடுத்தது பூச்சு போட்ட டிஸ்க். துத்தநாகமும் அலுமினியமும் செதில் செதிலாகக் கலந்த சாம்பல் நிறப் பூச்சு. நடுப்பகுதி, விளிம்பு, உள்சந்து எல்லாவற்றிலும் இருக்கிறது. இரும்பு அரிபடும் முன் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவதும் இதே காரணத்துக்காகத்தான். உரசும் முகத்தில் இருக்கும் பூச்சு முதல் நாளே தேய்ந்து போய்விடும், போகட்டும். அந்த முகத்தைப் பேட் தினமும் துடைத்துக்கொள்ளும். மற்ற இடங்களைத் துடைக்க ஆளில்லை என்பதால்தான் அங்கே பூச்சு வேண்டும்.

ஐந்து மாதம் கழித்து, போன வாரம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். சந்துகள் வழியே மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. விளிம்பில் கல்லடி பட்ட இரண்டு இடங்களில் மட்டும் ஊசிமுனைத் துரு. டிஸ்க் ஹப்பிலிருந்து கையோடு வந்தது. பழைய ஜோடிக்கு இதே ஐந்து மாதத்தில் விளிம்பு முழுக்கச் சிவந்துவிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூச்சில்லாத டிஸ்க்கைவிடக் கால்பங்கு விலை கூடுதல். தயங்காமல் கொடுக்கலாம்.

பேட்டில் இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று, இரும்பு நார் அதிகமுள்ள செமி மெட்டாலிக் வேண்டாம் என்று விட்டேன். அதிலுள்ள இரும்பும் துருப்பிடித்து, ஈரத்தோடு நிறுத்தினால் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்கிறது. எஃகு நார் இல்லாத செராமிக் வகை எடுத்தேன். இரண்டு, பெட்டியைத் திறந்து தகட்டின் ஓரம்வரை பூச்சு ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். குறை ஒன்று உண்டு: விடியற்காலையில் முதல் இரண்டு பிரேக்குக்குப் பிடி கொஞ்சம் மந்தம். இரண்டு வாரத்தில் கால் பழகிவிட்டது.

பிரேக் விஷயத்தில் சென்னைப் பெட்டிகளைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, உராய்வுப் பட்டை செய்கிற ரானே, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் எல்லாம் நம் ஊர் உழைப்பு. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்: ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலம் இது. டிஸ்க், பேட் செய்கிற எல்லோரும் 'கடலோரத்துக்கு ஏற்றது' என்று பெட்டியின் மேல் ஒரு வரி தமிழில் அச்சிடக் கூடாதா? மீன் ஏற்றப் போகிற ஓட்டுநர் அட்டவணை படித்துப் பேட் வாங்குவதில்லை.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்த பிறகே டிஸ்க் ஏற வேண்டும். பேட்டை அழுத்தும் காலிப்பர் நகரும் பின்னைத் துடைத்து, அதற்குரிய கிரீஸ் மட்டும் போட வேண்டும். கைக்கு அகப்பட்ட கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றவே கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதில் 230 டிகிரியில் கொதிப்பது, ஈரம் ஏறினால் 155-க்கு இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாட்டிய பிறகு வெறிச்சோடிய சாலையில் அறுபதிலிருந்து இருபதுவரை, முழுதாக நிறுத்தாமல், இருபது முறை நிதானமாகக் குறைத்தேன். பேட்டும் டிஸ்க்கும் அப்படித்தான் பழகும். நாள்கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டு, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

கடையில் டிஸ்க்கைக் கையில் கொடுத்ததும் எல்லோரும் முகத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். அதைத் திருப்பி, விளிம்புச் சந்துகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பூச்சு உள்ளேவரை போயிருந்தால் வாங்குங்கள். கடல் நுழைவது அந்த வழியாகத்தான்.