அடி வாங்குபவனின் பெல்ட்

1955 நவம்பரில் டோக்கியோவில் ஒரு மல்யுத்த இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ரிக்கிதோசானும் ஹரால்டு சகாட்டாவும். எதிர்ப் பக்கம் கிங் காங்கும் டைகர் ஜோகிந்தர் சிங்கும். நம் ஊர்ப் பெரியவர்களிடம் தாரா சிங் பெயரைச் சொன்னால் கூடவே கிங் காங் பெயரும் வந்து விழும். ஹங்கேரியரான எமில் சாயாதான் அந்தக் கிங் காங். சிங்கப்பூரைத் தளமாக வைத்துக்கொண்டு மலாயா, இந்தியா என்று ஆசியாவின் கோதாக்களை எல்லாம் சுற்றி வந்தவர். சகாட்டா, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பளு தூக்கி அமெரிக்காவுக்கு வெள்ளி வாங்கித் தந்த ஹவாய்க்காரர். பின்னாளில் ‘கோல்டுஃபிங்கர்’ படத்தில் தொப்பியை வீசிக் கொல்லும் அடியாளாக உலகம் அவரைப் பார்த்தது. அந்த இரவில் ஜப்பானின் கண்கண்ட வீரரான ரிக்கிதோசான் தோற்றார். பெல்ட் கிங் காங்குக்கும் ஜோகிந்தருக்கும் போனது. ஆல் ஏசியா டேக் டீம் பட்டத்தின் வரலாறு அந்தத் தோல்வியில் தொடங்குகிறது.

எழுபது ஆண்டுகளாக அந்தப் பட்டம் புழக்கத்தில் இருக்கிறது. ஜப்பானிய மல்யுத்தத்தில் இன்றும் உயிரோடிருக்கும் பட்டங்களில் இதைவிடப் பழையது இல்லை. ஆனால் அந்த எழுபது ஆண்டுகளின் பெரும்பகுதியில் இது முதல் வரிசைப் பட்டமாக இருந்ததில்லை. மேலே எப்போதும் இன்னொரு பெரிய பட்டம் இருந்தது. எனக்கு இதன்மேல் பிரியம் வந்ததற்கு அந்த இரண்டாம் இடமே காரணம். நட்சத்திரங்கள் மேலே இருந்துகொள்ள, இங்கே இரட்டையர் ஆட்டத்தின் கடினமான வேலை, அதாவது அடி வாங்கும் வேலை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது.

தொழில்முறை மல்யுத்தத்தின் முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. படுகளத்தன்று துரியோதனன் விழப்போகிறான் என்று தெரிந்தேதான் ஊர் விடிய விடியக் கூத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. எப்படி விழுகிறான் என்பதுதான் கலை. டேக் டீம் ஆட்டத்தில் அந்த ‘எப்படி’யைத் தாங்குவது இருவரில் மெலிந்தவன். விதி எளிமையானது. அணிக்கு இருவர். ஒருவர் கோதாவுக்குள் இருக்க, மற்றவர் கயிற்றுக்கு வெளியே மேடை விளிம்பில் காத்திருப்பார். உள்ளே இருப்பவர் கையைத் தொட்டால்தான் வெளியே இருப்பவர் நுழையலாம். எதிரணி மெலிந்தவனைப் பிடித்துத் தங்கள் மூலையிலேயே வைத்துக்கொள்ளும். அவன் தன் கூட்டாளியின் கையை எட்டப் போவான், காலைப் பிடித்து இழுப்பார்கள். இன்னொரு முறை போவான், இன்னொரு முறை இழுப்பார்கள். கூட்டம் எழுந்து நிற்கும். கடைசியில் கை தொடும் கணத்தில் அரங்கம் வெடிக்கும். வெளியே நின்றவன் புகுந்து எல்லோரையும் துவம்சம் செய்வான். கைதட்டல் அவனுக்குப் போகும். அந்தக் கைதட்டலைச் சம்பாதித்துக் கொடுத்தவன் அப்போது ஒரு மூலையில் சுருண்டு கிடப்பான்.

பட்டத்துக்கு ஒரு வருடம் முந்தைய கதையில் இந்த வேலையின் கசப்பு முழுதும் இருக்கிறது. 1954 பிப்ரவரி 19. கனடாவின் ஷார்ப் சகோதரர்கள், பென்னும் மைக்கும், டோக்கியோவின் குரமாயே சுமோ அரங்குக்கு வந்தார்கள். எதிரே ரிக்கிதோசானும் மசாஹிகோ கிமுராவும். தொலைக்காட்சி ஜப்பானுக்குப் புதிது. வீட்டில் பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்காகத் தெருமுனைகளில் பெட்டிகளை நிறுத்தியிருந்தார்கள். ஷிம்பாஷி ரயில் நிலையத்தை ஒட்டிய சதுக்கத்தில் மட்டும் சுமார் 20,000 பேர் கூடினார்கள் என்பார்கள். போரில் தோற்ற நாடு. ஆக்கிரமிப்பு முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. உயரமான இரண்டு வெள்ளைக்காரர்கள், அவர்களைக் கைவெட்டால் சாய்க்கும் ரிக்கிதோசான். ஒரு மக்கள் திரளுக்கு வேறென்ன வேண்டும்? அந்த ரிக்கிதோசான் கொரியாவில் பிறந்தவர், அதைப் பல வருடம் மறைத்து வாழ்ந்தவர் என்பது அந்தச் சதுக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியாது.

ஆனால் கைவெட்டு எடுபட வேண்டுமானால் அதற்கு முன் யாராவது நன்றாக அடி வாங்கியிருக்க வேண்டும். அந்த வேலை கிமுராவுக்கு. கிமுரா யார்? ஜப்பான் கண்ட ஜூடோ வீரர்களில் தலைசிறந்தவர் என்று இன்றும் பலர் வாதிடும் மனிதர். 1951இல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் எலியோ கிரேசியின் கையை முறுக்கி வென்றவர். அந்தப் பிடிக்கே இன்று உலகெங்கும் கிமுரா என்று பெயர். அப்படிப்பட்டவரை ஊர் ஊராக ஷார்ப் சகோதரர்களிடம் உதைபடவிட்டு, ரிக்கிதோசான் வந்து காப்பாற்றுவார். கிமுராவால் தாங்க முடியவில்லை. நிஜமாகச் சண்டை போட்டால் ரிக்கிதோசானிடம் தோற்க மாட்டேன் என்று பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று, அதே குரமாயேவில் இருவரும் மோதினார்கள். பேசி வைத்த ஆட்டம் பாதியில் உடைந்தது. ரிக்கிதோசான் நிஜ அடியாகவே அடித்தார். கிமுரா ரத்தத்தோடு தரையில் கிடந்தார். ஜப்பானிய மல்யுத்த ரசிகர்கள் இன்னும் பேசித் தீராத சம்பவம் அது. நான் கிமுரா பக்கம்தான். ஆனால் அவர் ஒன்றைக் காணவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தன்னைச் சிறுமைப்படுத்துவதாக அவர் நினைத்த அந்த வேடத்தில்தான் ஆட்டத்தின் உயிர் இருந்தது.

அதைக் கண்டவர் மிச்சியாகி யோஷிமுரா. ரிக்கிதோசான் டொயோனோபோரியோடு சேர்ந்து பெல்ட்டைப் பலமுறை வைத்திருந்தார். 1963 டிசம்பரில் இரவு விடுதி ஒன்றில் கத்திக்குத்துப் பட்டு ஒரு வாரத்தில் இறந்துபோனார். அடுத்து ஜயண்ட் பாபாவும் அந்தோனியோ இனோகியும் எழுந்தார்கள். அந்த ஜோடிக்கென்று பெரிய பட்டம் ஒன்று இருந்தது. அப்போதுதான் ஆல் ஏசியா பெல்ட் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது, யோஷிமுராவின் இடுப்பில் குடியேறியது. கின்தாரோ ஓகி, இனோகி, செய்ஜி சகாகுச்சி என்று கூட்டாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். யோஷிமுரா மாறவில்லை. உடல் சிறிது. ரத்தம் சிந்துவார், தடுமாறுவார், கூட்டம் பதறும்போது பெரியவரின் கையைத் தொடுவார். சில இரவுகளில் யாரும் எதிர்பாராத நேரத்தில், எதிரியின் முதுகைத் தாண்டிக் குதித்துச் சுருட்டிப் போட்டு அவரே வென்றுவிடுவார். ‘தீப்பந்துப் பையன்’ என்று அவரை அழைத்தார்கள். ஒரு பட்டத்தின் குணத்தைத் தீர்மானித்த ஒரே ஆள் யார் என்று கேட்டால், தொடங்கிவைத்த ரிக்கிதோசானைத் தாண்டி யோஷிமுராவைத்தான் நான் சொல்வேன்.

1972இல் இனோகி ஒரு நிறுவனத்தையும் பாபா ஒரு நிறுவனத்தையும் தொடங்க, ரிக்கிதோசான் வளர்த்த பழைய சங்கம் 1973இல் மூடப்பட்டது. யோஷிமுராவும் அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். பெல்ட் மூன்று வருடம் தூங்கியது. பாபாவின் ஆல் ஜப்பான் நிறுவனம் 1976இல் அதை எழுப்பியது. அடுத்த பத்து வருடம் கிரேட் கோஜிமாவும் மோத்தோஷி ஓக்குமாவும், பிறகு வேறு சில முரட்டு ஜோடிகளும் அதைச் சுமந்தார்கள். நல்ல உழைப்பாளிகள். ஆனால் அந்தக் காலத்து ஆட்டங்களை நான் அதிகம் தேடிப் போவதில்லை. 1988 ஜூனில் பாபா இரண்டு பெரிய இரட்டையர் பட்டங்களை இணைத்து உலக டேக் டீம் பட்டம் என்று ஆக்கினார். ஆல் ஏசியா இனி இளைஞர்களின் பெல்ட் என்பது அதோடு உறுதியாயிற்று.

அங்கிருந்து பொற்காலம். கலர் கலராகக் காலுடை அணிந்த தொஷியாகி கவாடாவும் சாம்சன் ஃபுயுகியும், ஃபுட்லூஸ் என்ற பெயரில். அவர்களுக்கு எதிரே டேன் குரோஃபட்டும் டக் ஃபர்னஸும், கேன்-ஆம் எக்ஸ்பிரஸ். ஃபர்னஸ் பவர்லிஃப்டிங்கில் உலக சாதனைகள் செய்த அமெரிக்கர். அந்தக் கனத்தோடு அவர் நின்ற இடத்திலிருந்து எம்பி இரண்டு காலாலும் மார்பில் உதைப்பதைப் பார்த்தால் நம்ப முடியாது. குரோஃபட் கனடாக்காரர், மூளைக்காரர். எதிரியின் எந்த மூட்டை எப்போது தாக்கினால் அரங்கம் பதறும் என்று கணக்குப் போட்டு ஆடுபவர். 1989இல் இந்த இரு ஜோடிகளும் பெல்ட்டைக் கைமாற்றி விளையாடிய ஆட்டங்களில் ஒரு நொடிகூட வீணாகவில்லை. கேன்-ஆம் எக்ஸ்பிரஸ் மொத்தம் ஐந்து முறை இந்தப் பட்டத்தை வென்றது.

இனி 1992 மே 25, செண்டாய்.

கேன்-ஆம் எக்ஸ்பிரஸிடம் பெல்ட். சவால் விடுபவர்கள் கென்டா கோபாஷியும் சுயோஷி கிக்குச்சியும். கோபாஷிக்கு 25 வயது. தனி ஆட்டங்களில் தொடர்ந்து 63 முறை தோற்ற பிறகே முதல் வெற்றியைக் கண்டவர். அவர் முதன்முதலில் இடுப்பில் கட்டிய பெல்ட்டும் இதே ஆல் ஏசியா பெல்ட்தான், 1990இல், அன்று புலி முகமூடிக்குள் இருந்த மித்சுஹாரு மிசாவாவோடு. கிக்குச்சி அந்த நால்வரில் மிகச் சிறியவர். மிசாவாவின் அணியில் இருந்துகொண்டு, மூத்த நட்சத்திரமான ஜம்போ சுருத்தாவின் ஆட்களிடம் இரவு தோறும் உதைபட்டவர். உதைபட்டு எழுந்து, தன்னைவிடப் பல வருடம் மூத்தவரை முழங்கையால் அறைபவர். யோஷிமுராவின் பழைய பெயர், தீப்பந்துப் பையன், அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது. செண்டாய் அவர் பிறந்த ஊர்.

இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல் நீண்ட ஆட்டம் அது. அமெரிக்க மல்யுத்தப் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். அது சரிதான், ஆனால் நட்சத்திரம் எண்ணினால் அந்த ஆட்டம் பிடிபடாது. ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்க வேண்டும். ஊரே கிக்குச்சியின் பெயரைக் கூவுகிறது. ஃபர்னஸ் அவரைத் தலைக்கு மேல் தூக்கி எறியும்போது அந்தக் கூவல் வலியில் முனகலாகிறது. தோள் தரையில் படிந்து நடுவர் இரண்டு எண்ணி மூன்றாவதற்குக் கை ஓங்கும்போது மூச்சு நின்றுபோகிறது. தோள் எழும்பியதும் கூரை அதிர்கிறது. குரோஃபட்டுக்கு இந்தக் கூட்டத்தின் மனசு விளங்கிவிட்டது. அதனால் இன்னும் கொஞ்சம் கொடுமையாக, இன்னும் கொஞ்சம் நிதானமாக அடிக்கிறார். தன் ஊருக்கு முன்னால் ஒருவனை எவ்வளவு நேரம் தண்டிக்கலாம், எந்தப் புள்ளியில் விட்டுவிட வேண்டும் என்ற அளவு அவருக்குத் தெரிகிறது. வில்லனின் இந்தத் தாராளம் இல்லாமல் அந்த ஆட்டம் இல்லை. கிக்குச்சி ஒவ்வொரு அடிக்கும் வெவ்வேறு விதமாக விழுகிறார். முதலில் உடனே எழுகிறார், பிறகு கயிற்றைப் பிடித்து எழுகிறார், பிறகு எழுந்த இடத்திலேயே மடிகிறார். களைப்புக்கு இப்படிப் படிகள் வைத்து ஏறுவது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. கடைசியில் அவரும் கோபாஷியும் வென்று பெல்ட்டைத் தூக்கியபோது செண்டாய் போட்ட சத்தத்தைப் போல வேறு எந்தப் பெரிய பட்டத்தின் ஆட்டத்திலும் நான் கேட்டதில்லை. கிமுரா அவமானம் என்று எறிந்த வேடத்தைச் சிறு உடல்காரர் ஒருவர் எடுத்துக் கட்டிக்கொண்டு, தன் ஊருக்கே நாயகனாக நின்றார்.

இந்தப் பெல்ட்டில் படித்த பாடம் பெரிய பெல்ட்டுக்கும் போனது. 1995 ஜூன் 9, புடோகான் அரங்கம், உலக டேக் டீம் பட்டம். மிசாவாவும் கோபாஷியும் ஒரு பக்கம், கவாடாவும் அகிரா தாவேயும் மறுபக்கம். மிசாவாவும் கவாடாவும் ஒரே பள்ளியில் முன்பின் படித்தவர்கள். அதுவரை கவாடா ஒருமுறைகூட மிசாவாவை வீழ்த்தியதில்லை. கோபாஷி காலில் கட்டோடு வந்திருந்தார். அந்தக் காலை எதிரணி சிதைத்தது. ஆட்டம் 42 நிமிடத்தைத் தாண்டி ஓடியது. முடிவுக்குச் சற்று முன், நிற்கக்கூட முடியாத கோபாஷி தவழ்ந்து போய், தரையில் கிடந்த மிசாவாவின் மேல் கவிழ்ந்து படுத்து, மிசாவாவுக்கு விழ வேண்டிய உதைகளைத் தன் முதுகில் வாங்கினார். அது பயன்படவில்லை. கவாடா வாழ்நாளில் முதன்முறையாக மிசாவாவை வீழ்த்தினார். நட்சத்திரமான பிறகும் கோபாஷிக்குள் அடி வாங்கும் பையன் அப்படியே இருந்தான். செண்டாயில் கிக்குச்சியின் பக்கத்தில் நின்றிராதவரிடம் அந்தக் கவிழ்தல் அவ்வளவு இயல்பாக வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

2000இல் மிசாவா பெரும்பாலான வீரர்களோடு வெளியேறி நோவா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கோபாஷியும் கிக்குச்சியும் அவரோடு போனார்கள். ஆல் ஜப்பானின் ஜப்பானிய வீரர்களில் கவாடாவும் மசனோபு ஃபுச்சியும் தங்கினார்கள். பெல்ட்டும் தங்கியது. அதன் பிறகான கைமாற்றங்களில் எனக்குப் பிடித்தது 2016இல் நடந்தது. 62 வயது ஃபுச்சியும் 59 வயது அட்சுஷி ஒனிதாவும் அதை வென்றார்கள். இருவரும் 1974இல் பாபாவின் கோதாவில் அறிமுகமான சக மாணவர்கள். நடுவில் ஒனிதா முழங்கால் உடைந்து, வெளியேறி, முள்கம்பி கட்டிய கோதாக்களில் தனக்கென்று ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டவர். ஃபுச்சி எங்கும் போகாதவர். ஆட்ட நுணுக்கத்தில் அது செண்டாயின் அருகில் வராது. ஆனால் ஜோடி என்பது 42 வருடத்துக்குப் பிறகும் சேரலாம் என்று காட்ட இந்தப் பெல்ட்டைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

புதிதாகப் பார்க்க வருபவர்கள் செண்டாயிலிருந்து தொடங்கலாம். முதல்முறை கிக்குச்சியை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை அவரை விட்டுவிட்டு, கயிற்றுக்கு வெளியே நிற்கும் கோபாஷியைப் பாருங்கள். கையை நீட்டிக்கொண்டு, நடுவரோடு மன்றாடிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் உள்ளே பாய்ந்து தடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டு, அவர் ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கவில்லை.