மலைமேல் மாதொருபாகன், அடிவாரத்தில் மலடிப் பட்டம்!

திருச்செங்கோட்டு மலையிலே பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் ஓர் இறைவன் நிற்கிறான். ஆணும் பெண்ணும் சரிநிகர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ என்பர் பக்தர்கள். சான்று கல்லில் இருக்கிறது. கல்யாண வீட்டில் இருக்கிறதா? அண்மையில் நம் ஊர்த் திருமணத்தில், சீர்த்தட்டு ஏந்தக் கை நீட்டிய பெண்ணை, "நீ தள்ளி நில்" என்று விலக்கினர். குழந்தை இல்லாதவளாம்! மறுநாள் வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: "ஏனுங்க, அந்தச் சின்னம்மா என்ன தப்புப் பண்ணுனாங்க?" நமக்கு நா எழவில்லை. வீடு திரும்பியதும் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை மீண்டும் எடுத்தோம்.

2010இல் வெளிவந்த நூல் அது. காளியும் பொன்னாவும் காதல் குன்றாத உழவர் குடும்பம். குறை ஒன்றே, பிள்ளையில்லை. நோன்பு, நேர்த்தி, வறடிக்கல் வலம் யாவும் பொய்த்தபின், தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவுக்குப் பொன்னாவை அனுப்புகின்றனர். அன்று முன்பின் அறியாத ஆடவனெல்லாம் சாமி. பிறப்பது சாமி பிள்ளை!

2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் நூலைக் கொளுத்தினர். 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலைக்குத் தள்ளினர். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தடை கேட்டோர் வாயை அடைத்தது, எழுத்தாளர் எழுந்தார்.

சடங்கு நடந்ததா இல்லையா என்றே இருசாராரும் வழக்காடினர். நாவல் ஆவணமன்று. நாம் கேட்பது வேறு: பொன்னாவின் மனத்தைக் கேட்டவர் யார்? கணவன் இசைந்துவிட்டான் என்று உடன்பிறந்த அண்ணனே பொய்யுரைத்தான். பொய்யை நம்பியன்றோ அவள் போனாள்!

இது புதிதுமன்று. பாரதத்தில், மைத்துனன் வருவான் என்று மட்டும் மாமி சத்தியவதி சொல்ல, வந்து நின்றார் வியாசர். அம்பிகை அஞ்சிக் கண்களை மூடிக்கொண்டாள். விவிலியத்தில் பிள்ளையில்லாச் சாராய், அடிமைப் பெண் ஆகாரை ஆபிரகாமுக்குக் கொடுத்தாள். ஆகாரின் விருப்பத்தை எவரும் வினவவில்லை. காமம் பாவம் என்று துறவுக்குக் கோயில் கட்டும் மதமே, குலம் தழைக்க வேண்டுமென்றால் அதே காமத்துக்குத் திருநீறு பூசிவிடுகிறது! பூசப்படும் உடல் மட்டும் என்றும் பெண்ணுடையது.

இன்னொன்றும் எண்ணுங்கள். வேற்று ஆடவனால் பிள்ளை பிறக்கும் என்று நம்பினால், குறை கணவனிடம் இருக்கலாம் என்றுதானே பொருள்? மகப்பேறின்மையில் ஏறத்தாழப் பாதிக்கு ஆணின் குறையும் காரணம் என்கிறது இன்றைய மருத்துவம். சடங்கு மறைவில் ஒப்புக்கொண்டதை ஊர் நாக்கு ஒப்பவில்லை. மலடி என்ற வசை அவளுக்கு. மலடன் என்ற சொல் அகராதியில் தூங்குகிறது!

இச்சடங்கைப் பெண் விடுதலையென்று போற்றும் தோழர்களோடும் நாம் உடன்படோம். ஆயினும் நூலின் உயிர்நாடியான இடம் ஒன்றுண்டு: திருவிழாக் கூட்டத்தில் பொன்னா ஒருவனை மறுத்து, வேறொருவனை ஏற்கிறாள். தேர்ந்தெடுக்கும் உரிமையை அன்றுதான் அவள் சுவைக்கிறாள். அவ்வுரிமை சாமியின் பெயரால் ஓரிரவு கிடைக்குமாயின், அவள் பெயராலேயே ஆண்டு முழுதும் ஏன் கிடைக்கலாகாது? இதை இன்னும் ஓங்கிக் கேட்டிருக்கலாம் ஆசிரியர். இறுதிப் பக்கத்தில் நம் கண்ணீரைக் காளிக்கே கேட்டு வாங்கிவிடுகிறார். பொன்னா இருளில் நிற்கிறாள். இது குறை, ஆயினும் அவளை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்திய பெருமை அவருடையதே.

இளைஞர்களே! நூலைக் கொளுத்தியவர்களைக் கண்டித்தால் மட்டும் போதாது. மருத்துவரிடம் மனைவியை மட்டும் அனுப்பாமல் நீங்களும் செல்லுங்கள். பிள்ளையின்றியும் வாழ்வு முழுமையே என்று துணிந்து சொல்லுங்கள். அடுத்த மணவீட்டில் சீர்த்தட்டை முதலில் அந்தச் சின்னம்மாவின் கையில் கொடுங்கள். அதுவே அச்சிறுமிக்கு நாம் சொல்லவேண்டிய விடை.