பாட்டி பேர் என்னங்க?

1812 முதல் 1828 வரை மதுரை கலெக்டராக இருந்த ரௌஸ் பீட்டரை ‘பீட்டர் பாண்டியன்’ என்றே நம்மூர்க்காரர்கள் கொண்டாடினார்கள். மீனாட்சிக்குத் தங்க அங்கவடி செய்து கொடுத்த துரை. செயின்ட் ஜார்ஜ் சர்ச்சில் இருக்கிறது அவர் கல்லறை.

இந்த மாதிரி வெள்ளைக்காரக் கல்லறைகளின் வாசகங்களை மெட்ராஸ் மாகாணம் முழுக்கத் திரட்டி, 1905-ல் புத்தகமாக்கினார் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. அசுர உழைப்பு. பாட்டன் பூட்டனைத் தேடுகிறவர்களுக்கு இன்றைக்கும் கைவிளக்கு.

ஆனால் எனக்கு பி.காம். புத்தி. வரவைப் பார்த்தால் பற்று எங்கே என்று தேடும். கல்லில் பேர் வெட்டக் காசு வேணும். துரையும் துரைசாணியும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். துரைகளோடு குடும்பம் நடத்திய நம்மூர்ப் பெண்கள்? அநேகமாக ம்ஹூம்!

அவர்களைப் பார்க்க உயிலுக்குத்தான் போகணும். இங்கிலாந்தில் 1858 வரை உயிலுக்கு ஒப்புதல் தந்தது சர்ச் கோர்ட்டுகள்தான். கம்பெனிக்காரர்களின் உயில்கள் லண்டனில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ‘ஒயிட் முகல்ஸ்’ (2002) புத்தகத்தில் வில்லியம் டால்ரிம்பிள் கணக்கே தருகிறார்: 1805-10-ல் நாலு உயிலுக்கு ஒன்றில் இந்தியத் துணைவி. 1830-ல் ஆறுக்கு ஒன்று. அப்புறம் கிட்டத்தட்டக் காணோம். உறவு அற்றுப்போச்சா, எழுதத்தான் கூச்சமா?

ஞானஸ்நானப் பதிவேடு இன்னும் மோசம். அப்பா பதவியோடு இருப்பார். அம்மா இடம் பல சமயம் காலி.

ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர் ஆறு தலைமுறை துரைமார்களைக் கடகடவென்று ஒப்பித்தார்.

“முதல் பாட்டி பேர் என்னங்க?”

“அதான் சார் தெரியலை.”