கர்ப்பகாலப் பரிசோதனையும் கைப்பேசியும்: கொல்லிமலையிலும் இலங்கையிலும்

கர்ப்பகாலப் பரிசோதனைகளைப் பற்றிக் கருவுற்ற பெண்ணுக்குக் கைப்பேசி வழியாகச் சொல்லிக்கொடுக்கும் முறை இந்தியாவிலும் இலங்கையிலும் அண்மைக் காலத்தில் வளர்ந்தது. வாராவாரம் வரும் குரல் அழைப்பு, செவிலியர் கையிலுள்ள பதிவுச் செயலி, தாயே இறக்கிக்கொள்ளும் செயலி என்று அதற்குப் பல வடிவங்கள் உண்டு. எந்த வடிவமானாலும் சொல்லவேண்டியவை மூன்று: என்ன பரிசோதனை, எந்த வாரத்தில், முடிவு வந்தபின் என்ன செய்யலாம். முதல் இரண்டையும் சொல்வது எளிது. மூன்றாவது நாட்டுக்கு நாடு சட்டத்தாலும், ஊருக்கு ஊர் தூரத்தாலும் மாறுகிறது. அதனால் ஒரே தமிழில் எழுதப்பட்ட ஒரே பாடம் கொல்லிமலைக்கும் இலங்கையின் நுவரெலியாவுக்கும் பொருந்தாது.

பரிசோதனைகள் இரு வகைப்படும். தாயின் உடல்நிலையைப் பார்ப்பவை முதல் வகை: இரத்தசோகை, இரத்த வகை, இரத்த அழுத்தம், சர்க்கரை, எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி. இவற்றில் குறை தெரிந்தால் பெரும்பாலும் சிகிச்சையோ தடுப்போ உண்டு. ஆகவே "தவறாமல் வந்து செய்துகொள்ளுங்கள்" என்று செயலி வற்புறுத்துவதில் பிழையில்லை. இரண்டாம் வகை சிசுவைப் பார்ப்பது: 11 முதல் 14 வாரத்துக்குள் கழுத்துப் பின்புற நீர்த்திரட்சியை அளக்கும் ஸ்கேனும் அதனோடு சேர்ந்த இரத்தப் பரிசோதனையும், 18 முதல் 22 வாரத்துக்குள் உறுப்புகளின் வளர்ச்சியைப் பார்க்கும் 'அனாமலி ஸ்கேன்'. டவுன் நோய்க்கூறு போன்றவற்றுக்கான முதற்கட்டப் பரிசோதனை "வாய்ப்பு அதிகம்", "வாய்ப்பு குறைவு" என்றுதான் சொல்லும். உறுதியாகத் தெரியப் பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்பது போன்ற சோதனை வேண்டும். அதில் சிறிய அளவில் கருச்சிதைவு அபாயம் உண்டு. இந்த இரண்டாம் வகையில் செயலியின் வேலை வற்புறுத்துவதல்ல, விளக்குவது. இரண்டையும் ஒரே குரலில் பேசும் செயலி, தாய்க்கு உரிய முடிவைத் தானே எடுத்துவிடுகிறது.

விளக்கம் சரியாகக் கிடைத்தால் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல சான்று உண்டு. மிரியம் கப்பர்மன் குழுவினர் 710 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2014இல் 'ஜாமா' இதழில் வெளிவந்தது. கணினி வழி விளக்கமும் கட்டணமில்லாப் பரிசோதனையும் கிடைத்த குழுவில் 5.9 விழுக்காட்டினரே பனிக்குட நீர்ப் பரிசோதனை போன்ற ஊடுருவும் சோதனைக்குச் சென்றனர்; வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் அது 12.3 விழுக்காடு. அறிவு கூடியபோது சோதனை குறைந்தது. எத்தனை பேர் சோதனைக்கு வந்தார்கள் என்பதை மட்டும் எண்ணி ஒரு செயலியின் வெற்றியை அளப்பது தவறு என்பதை இந்த ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஊராட்சிகள் 'நாடு' என்ற பெயரையே தாங்கியிருக்கின்றன. எடப்புளி நாடு அவற்றுள் ஒன்று. மலைவாழ் மக்களில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர், பேச்சு தமிழ். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,000 மீட்டருக்கு மேலே சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலையில் மருத்துவ வசதி இருந்தாலும், சிசுவின் உறுப்புகளை நுணுக்கமாகப் பார்த்துச் சொல்லும் நிபுணரும் மரபணு ஆலோசனையும் வேண்டுமென்றால் கீழே நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்க வேண்டும். அப்படி இறங்குவதற்கு ஒரு நாள் கூலியும், கூட வர ஒருவரும், வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க இன்னொருவரும் தேவை. "20ஆவது வாரத்தில் ஸ்கேன் எடுக்கவும்" என்ற ஒரு வரி அறிவிப்புக்கு இங்கே இவ்வளவு பொருள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இத்துறையின் முதல் மின்னணு அடித்தளம், 2008இல் தொடங்கிய 'பிக்மி' என்ற கர்ப்பிணி, குழந்தைப் பதிவு அமைப்பு. கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்ததும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் கிடைக்கும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். 12 வாரத்துக்குள் பதிவு என்ற நிபந்தனையை நிதியுதவியோடு இணைத்ததால், சிசுவுக்கான முதற்கட்டப் பரிசோதனைக்கு உரிய காலம் கடப்பதற்கு முன்பே பெண்ணின் பெயர் அரசின் கண்ணில் படுகிறது. இது பெரிய வாய்ப்பு. ஆனால் பதிவேடாகப் பிறந்த அமைப்பு பதிவேடாகவே பேசுகிறது. எண்ணைத் தருகிறது, தேதியைத் தருகிறது. ஏன் என்பதை நர்ஸம்மாவிடம் விட்டுவிடுகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் பழங்குடிப் பகுதிகளில் பணியாற்றும் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறார்கள்.

இந்திய அளவில், 2016 ஜனவரியில் தொடங்கிய 'கில்காரி' கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை 72 குரல் செய்திகளை அனுப்புகிறது. எழுத்தறிவும் இணையமும் வேண்டாம், சாதாரணக் கைப்பேசி போதும் என்பது அதன் வலிமை. நான்காம் மாதத்தில்தான் தொடங்குகிறது என்பது பரிசோதனைக் கல்வியைப் பொறுத்தவரை அதன் குறை: 11 முதல் 14 வாரத்துக்கான சோதனைக் காலம் அதற்குள் முடிந்துவிடும். ரூர்க்கி ஐ.ஐ.டி.யும் டெல்லி எய்ம்சும் 2022இல் வெளியிட்ட 'ஸ்வஸ்த்கர்ப்' போன்ற செயலிகள் மருத்துவரின் துணையோடு கர்ப்ப காலத்தைக் கவனிக்க உதவுகின்றன. அவற்றுக்கு ஸ்மார்ட்போனும் சிக்னலும் வேண்டும்.

இந்தியாவில் இந்தப் பாடத்தின் ஒவ்வொரு வரியிலும் சட்டம் நிற்கிறது. சிசுவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதற்கான விளம்பரமும் குற்றம். இணையத் தேடலில் அத்தகைய விளம்பரங்கள் தோன்றக் கூடாது என்று கூகுள், மைக்ரோசாப்ட், யாகூ நிறுவனங்கள்மீது சாபு மேத்யூ ஜார்ஜ் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இல் உத்தரவிட்டது. நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டதும் அந்த மாவட்டத்தில்தான். ஆகவே இந்த மண்ணில் ஸ்கேன் பற்றிப் பேசும் செயலி, ஸ்கேன் எதற்கு என்பதோடு எதற்கு அல்ல என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். மறுபுறம், கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தப்படி, சிசுவுக்குப் பெருங்குறை உண்டென்று மருத்துவக் குழு உறுதிசெய்தால் 24 வாரத்துக்குப் பின்னும் கருக்கலைப்புக்கு அனுமதி கிடைக்கலாம். அந்தக் குழு மாவட்டத் தலைநகரிலோ அதற்கும் அப்பாலோ இருக்கும். எடப்புளி நாட்டுப் பெண்ணுக்குச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, ஆனால் கதவு தொலைவில் இருக்கிறது.

இலங்கையில் நிலைமை ஏறத்தாழத் தலைகீழ். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, இன்று சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாக நாடெங்கும் பரவியுள்ளது. 'மிட்வைஃப்' என்றே பேச்சில் அழைக்கப்படும் குடும்பநல உத்தியோகத்தர் தம் பகுதியின் தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேட்டை வைத்திருப்பார். கர்ப்பமாகும் முன்பே அப்பகுதிப் பெண் அவருக்குத் தெரிந்தவள். எட்டு வாரத்துக்குள் பதிவு என்பது அங்கே இலக்கு. கர்ப்பப் பதிவேட்டு அட்டை தாயின் கையிலேயே இருக்கும். உத்தியோகத்தர் வீட்டுக்கும் வருவார், கிளினிக்கிலும் இருப்பார். இந்த அமைப்பின் பலம் விளைவில் தெரிகிறது: தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்ததற்காக இலங்கை 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. எந்தச் செயலியும் அதைச் செய்யவில்லை. வீடு தேடி வந்த ஒருவர் கர்ப்பவதியைக் கிளினிக்குக்கு அழைத்துவந்து, அங்கே இரத்தம் எடுக்கப்பட்டதால் அது நடந்தது. அதனால் அங்கே கைப்பேசி, உத்தியோகத்தருக்குத் துணையாகவே வந்திருக்கிறது. அவருக்குப் பதிலாக அல்ல.

ஆனால் சிசுவைப் பற்றிய பரிசோதனையில் இலங்கையின் சட்டக் கதவு அநேகமாக மூடியே இருக்கிறது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவுப்படி, தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டுமே கருக்கலைப்புச் செய்யலாம். உயிர்வாழ இயலாத சிசுக்குறைகளுக்கும் விலக்கு அளிக்கும் முயற்சி 2017இல் எழுந்து மத எதிர்ப்பால் நின்றுபோனது. இச்சூழலில் அனாமலி ஸ்கேனின் பயன் வேறு: எந்த மருத்துவமனையில் பிரசவம், பிறந்தவுடன் அறுவைச் சிகிச்சை தேவையா, பெற்றோர் எப்படித் தயாராவது. இவற்றை மட்டும் சொல்லும் செயலி நேர்மையானது. சட்டம் தராத வழியை மறைமுகமாகக் காட்டும் செயலி பெண்ணை ஆபத்தான இடங்களுக்கே அனுப்பும். குருநாகல், அநுராதபுரம் போன்ற மாவட்டங்களில் அதிகமுள்ள பரம்பரை இரத்த நோயான தலசீமியாவை இலங்கை எதிர்கொள்ளும் விதமும் இதிலிருந்து பிறந்ததே. கர்ப்பத்தில் கண்டுபிடித்துப் பயனில்லை என்பதால், நோய்க்கூறு தாங்கிய இருவர் மணப்பதைத் தவிர்க்கும் வகையில் திருமணத்துக்கு முன்பே பரிசோதிக்கச் சொல்கிறார்கள். இதற்கு மாறாக, இன்னொரு பரம்பரை இரத்த நோய்க்கான இந்தியாவின் அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கித் தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளை நோக்குகிறது. அங்கே திருமணத்துக்கு முந்தைய ஆலோசனையும் கர்ப்பகாலக் கண்டறிதலும் ஒருங்கே சாத்தியம்.

எல்லை தாண்டும் செயலியின் ஆபத்தைச் சர்க்கரைப் பரிசோதனை நன்றாகக் காட்டும். சென்னை மருத்துவர் வீ. சேஷையா முன்னெடுத்த முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை இரத்தம் எடுத்தால் போதும். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு மலைப்பாதையில் வரமுடியாத பெண்ணுக்கு இது பெரிய உதவி. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கிய முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடு, 2007இல். இலங்கையில் 24 முதல் 28 வாரத்தில் நடக்கும் குளுக்கோஸ் சோதனைக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும். சென்னையில் தயாரான செயலியை நம்பி இட்டலி சாப்பிட்டுவிட்டு வரும் யாழ்ப்பாணத்துத் தாய் திரும்பிப் போய் இன்னொரு நாள் வரவேண்டியிருக்கும்.

இலங்கையில் கொல்லிமலைக்கு ஒப்பான இடம் மலையகத் தோட்டங்கள். அங்கே தூரத்தோடு மொழியும் தடை: தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர் பற்றாக்குறை நெடுநாள் குறை. ஆகவே குரல் வழித் தமிழ்ப் பாடம் அங்கே தரும் பயன் மிக அதிகம். எடப்புளி நாட்டில் நர்ஸம்மா தமிழ் பேசுவார். தேவைப்படுவது சிக்னல் இல்லாதபோதும் ஒலிக்கும், ஒருமுறை இறக்கிவைத்த பதிவு.

கைப்பேசி யாருடையது என்பதும் கணக்கில் வரவேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் இந்தியாவில் 54 விழுக்காடுதான். கணவரோ மாமியாரோ மைத்துனரோ எடுக்கும் கைப்பேசிக்கு எச்.ஐ.வி. முடிவையோ சிசுவைப் பற்றிய சந்தேகத்தையோ அனுப்புவது பெண்ணுக்குத் தீங்கு. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இந்தியாவில் 2023ஆம் ஆண்டுச் சட்டமும் தனிநபர் தரவைக் காக்க வந்துள்ளன. சட்டத்தைவிட எளிய ஏற்பாடு ஒன்று இரு நாட்டுக்கும் பொருந்தும்: பாடமும் தேதியும் கைப்பேசியில் வரட்டும். முடிவைச் செவிலியரோ உத்தியோகத்தரோ நேரில் சொல்லட்டும். செய்தியில் "கிளினிக்குக்கு வாருங்கள்" என்ற அழைப்பு மட்டும் இருக்கட்டும், அதுவும் எல்லோருக்கும் ஒரே வாசகத்தில்.