ஊடுபயிர் (5)

எம்.ரெட்டியபட்டி டீக்கடையில் நாளிதழ்க் குறுக்கெழுத்தை நிரப்புகிறவர்கள் பொது அறிவை வைத்தே ஒப்பேற்றிவிடுவார்கள். 1913 டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஆர்தர் வின் தொடங்கிவைத்த ஆட்டம் இன்று எங்கேயோ போய்விட்டது. தமிழிலும் சொல்லை உடைத்து விளையாடும் புதிர்களை வாஞ்சிநாதன் 'தென்றல்' இதழில் தந்திருக்கிறார். எனக்குப் பிடித்தது, விடைகளுக்குள் ஒரு கரு ஒளிந்திருக்க, கடைசியில் ஒரே குறிப்பு அதைப் போட்டு உடைக்கும் வகை.

கரிசல் காட்டுக்கென்று ஒன்று கட்டிப் பார்த்தேன். ஒரு பட்சத்துக்கு எத்தனை திதி (5)? பதினைந்து. 862இல் பட்டமேறிய பாண்டியன் (5)? வரகுணன். திருச்சுழியில் பிறந்த ரமணர் உபதேசித்த விதம் (3)? பேசாமை. மூன்றுக்கும் என்ன உறவு? சாவிக் குறிப்பு இது: 'பருத்திக்கு நடுவே உளுந்து, மேலே மூன்று விடைகளிலும் உண்டு.' ஊடுபயிர்! இப்போது திரும்பிப் பாருங்கள்: பதினைந்துக்குள் தினை, பேசாமைக்குள் சாமை, வரகுணனில் வரகு. தினை மட்டும் நடுவில் நிற்கிறது; வரகும் சாமையும் ஓரத்தில். கறாரான ஆள் அந்த இரண்டையும் வரப்புப்பயிர் என்று தள்ளிவிடுவார்.

எள்ளை நுழைக்க வழியில்லை, உயிரெழுத்து சொல்லுக்கு நடுவில் வராதே. கட்டம் அடைப்பதும் லேசில்லை. புள்ளி எழுத்திலிருந்து எந்தச் சொல்லும் கீழே கிளம்பாது. பதினைந்தின் 'ந்' மேல் எதை இறக்குவது? 'நிழல் தரும் பக்கத்து ஊர் (6)' என்று பந்தல்குடியை இறக்கினேன்.