வரிக்கு ஒரு சர்வர்

பல சர்வர்களுக்குக் கோப்பு அனுப்பும் ஷெல் ஸ்கிரிப்ட்டை யாரும் உட்கார்ந்து ரசிப்பதில்லை. எனக்கு அது பிடிக்கும். ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக சர்வர் பெயர்கள். அதைப் படித்துச் சுற்றும் வைல் லூப். உள்ளே கோப்பை அனுப்ப ஆர்சிங்க் ஒரு வரி, அந்த சர்வரில் கட்டளை ஓட்ட எஸ்எஸ்ஹெச் ஒரு வரி. என்டர் தட்டியதும் பெயர்கள் திரையில் இறங்குவதில் ஒரு தாளம் உண்டு. சில சரசரவென்று போகும், ஒன்று மூச்சு வாங்கும். பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நின்று, பிறகு தடம் மாறித் தடம் மாறிக் கடகடவென்று சென்ட்ரலுக்குள் ஊரும் ரயிலின் நடை.

எழுதியவர் கை பழகியதா என்பது அந்த எஸ்எஸ்ஹெச் வரியிலேயே தெரியும். பக்கத்தில் ‘மைனஸ் என்’ இல்லையென்றால், முதல் சர்வரோடு மீதிப் பட்டியலையும் அது விழுங்கிவிடும். லூப் நல்லபிள்ளையாக நின்றுவிடும். பதில் சொல்லாத சர்வரிடம் தவம் கிடக்காமலிருக்க ஐந்து நொடி டைம்அவுட். முதலில் ஒரு டிரை ரன். இதே வேலைக்கு ஆன்சிபிள் போன்ற பெரிய கருவிகள் இருக்கின்றன, இருக்கட்டும். மறுபடி ஓட்டும்போது, மாறியது எதுவுமில்லை என்று ஆர்சிங்க் எதையும் அனுப்பாமல் நகர்ந்துபோகும் அழகு எனக்கு இந்தப் பத்து வரி ஸ்கிரிப்ட்டிலேயே கிடைத்துவிடுகிறது.