முகாமில் பிடித்த கால்கள்

கல்லூரி கபடி அணியின் பயிற்சி முகாம் முடியும் வாரத்தில் பயிற்சியாளரிடம் கேட்டுப் பாருங்கள். ரைடு பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் இழுப்பார். கேட்ச் எப்படி என்றால் முகம் மலர்ந்துவிடும்: "இந்த வருஷம் கேட்ச் பிரமாதம் சார். ரெண்டு கார்னரும் இரும்பு." அதே அணி முதல் வெளியூர் ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்பே ஆல் அவுட் ஆகித் திரும்புவதும் உண்டு. காரைக்காலின் சுரக்குடி போன்ற ஊர்களிலிருந்து கல்லூரி அணிக்குப் போகிற பையன்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. முகாமில் கண்ட தடுப்பாட்டம் பொய்யா? அல்லது முகாம் என்ற ஏற்பாடே தடுப்பாட்டத்தை அளக்கத் தகுதியற்றதா? இரண்டாவதுதான் என்பது என் முடிவு. காரணங்களைப் பார்க்கலாம்.

முகாமில் நடப்பது என்ன? ஒரே அணியின் ரைடர்கள் ஒரே அணியின் ஏழு பேர் மீது பாடிப் போகிறார்கள். பத்து ரைடில் ஏழு பிடிபட்டால் கேட்ச் நன்றாக இருக்கிறது என்று பொருளா, ரைடு மோசமாக இருக்கிறது என்று பொருளா? அந்த மைதானத்துக்குள் இதற்கு விடையே கிடையாது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் கால்பந்து முகாம்களிலும் இதே சிக்கல் உண்டு. அவர்கள் ஆடுவது கையில் பந்தை ஏந்தி மோதுகிற வேறு வகை ஆட்டம். அதில் தடுப்பு வரிசையின் முன்னணி என்று நான்கைந்து பேர் தோளோடு தோள் நிற்பார்கள். முகாம் முழுக்க அவர்கள் மோதுவது சொந்த அணியின் தாக்குதல் வரிசையோடுதான். தடுப்பு வரிசை ஜெயித்தால் தாக்குதல் வரிசை தோற்றது என்று பொருள். அந்த அணி நிகரமாகச் சம்பாதித்தது எதுவுமில்லை. ஆனாலும் அங்கும் ஆகஸ்டில் எல்லாத் தடுப்பு வரிசையும் அசைக்க முடியாததாகவே வர்ணிக்கப்படுகிறது.

கபடியில் இந்த மயக்கம் இன்னும் ஆழமானது. ரைடரின் காலைப் படிக்கும் வேலை ஓரத்தில் நிற்கும் கார்னருக்கு உரியது. எந்தக் காலை முன்வைத்து வருகிறான், போனஸ் கோட்டைத் தொடப் போகும்போது இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, பின்வாங்குமுன் எத்தனை அடி எடுக்கிறான் என்பதையெல்லாம் மூன்று வாரத்தில் சொந்த அணி ரைடரிடம் மனப்பாடம் செய்துவிடலாம். அதன்பின் விழுகிற ஆங்கிள் ஹோல்டு (கணுக்கால் பிடி) ஒவ்வொன்றும் கைதட்டல் வாங்கும். அதில் ஞாபகத்தின் பங்கு எவ்வளவு, திறமையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவர் குறைவு. வெளி அணி ரைடர் மாற்றுக்காலில் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது கணக்கு. பிடிப்புள்ளியை வைத்துத் தடுப்பாட்டத்தை மதிப்பிடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அது அரைகுறை அளவுகோல். ஒரு பிடி வெற்றி பெற்றால் 1 புள்ளி வரும், வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் உள்ளே வருவார். தோற்றால், பிடிக்கப் போனவர்களில் எத்தனை பேரைத் தொட்டுக்கொண்டு ரைடர் நடுக்கோட்டைத் தாண்டுகிறாரோ அத்தனை புள்ளி எதிரணிக்கு. கார்னர் அவசரப்பட்டுப் பாய, கவர் உதவிக்குப் போக, பக்கத்து 'இன்' கையைக் கொடுக்க, ரைடர் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டால் ஒரே மூச்சில் மூன்று புள்ளி. அடுத்த ரைடை நான்கு பேர்தான் சந்திக்க வேண்டும். ஆக, பாதிக்குப் பாதி வெற்றி பெறும் தடுப்பாட்டம்கூட நஷ்டத்தில் ஓடலாம். முகாம் நோட்டில் வெற்றிபெற்ற பிடிகள் மட்டும் ஏறும், முயன்று தோற்றவை ஏறுவதில்லை என்றால் அந்த நோட்டால் என்ன பயன்?

இன்னொரு விநோதமும் உண்டு. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், 2 புள்ளி. அதாவது அடிக்கடி நான்கு பேரை இழந்து நிற்கிற அணிக்குத்தான் இந்த இரட்டைப் புள்ளிக்கான வாய்ப்பு அதிகம். ஒரு தடுப்பாட்டக்காரரின் கணக்கில் சூப்பர் டேக்கிள் குவிந்திருந்தால் அவரைப் பாராட்டலாம். ஆனால் அவருடைய அணி ஏன் அத்தனை முறை மூன்று பேரோடு நின்றது என்றும் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் ஏட்டளவில் சொல்லவில்லை. நம் கண்முன்னே சோதனை ஒன்று நடந்திருக்கிறது: புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ். 2017-இல் ஐந்தாவது சீசனில் உள்ளே வந்த அணி. 2019-இல் ஏழாவது சீசனில் அவர்கள் திரட்டிய தடுப்பாட்டத்தைக் காகிதத்தில் பார்த்தால் எவரும் பயப்படுவார்கள். மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர், ரண் சிங் என்று எல்லாரும் பெயர் பெற்றவர்கள், அனுபவசாலிகள். பன்னிரண்டு அணிகளில் தலைவாஸ் பிடித்த இடம் பன்னிரண்டு. பெயர்களைச் சேர்த்துவிட்டால் தடுப்பாட்டம் வந்துவிடும் என்ற நம்பிக்கை அந்த ஆண்டோடு தீர்ந்திருக்க வேண்டும்.

அடுத்த சீசன் 2021 டிசம்பரில் பெங்களூரில், பார்வையாளரே இல்லாத அரங்கில் தொடங்கியது. இம்முறை அணி நிர்வாகம் பெரும்பாலும் இளைஞர்களை நம்பியது. வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாஹில், அவர்களோடு மோஹித், ஹிமான்ஷு, அபிஷேக். சாகர் அந்த சீசனில் 82 பிடிப்புள்ளி எடுத்து லீக்கின் முன்வரிசைக்கு வந்தார். அணியோ பதினொன்றாம் இடம். தனிமனிதப் பிடிப்புள்ளியும் அணியின் நிலையும் வெவ்வேறு சங்கதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒன்பதாவது சீசனில் (2022) அதே இளைஞர்களை அணி கலைக்காமல் வைத்துக்கொண்டது. 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கிய பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேறினார். நடுவில் பயிற்சியாளரும் மாறி, அஷன் குமார் வந்தார். இத்தனைக்குப் பிறகும் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. அங்கே புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. சேர்ந்து ஆடிய காலம்தான் தடுப்பாட்டத்தை உருவாக்குகிறது என்று வாதிடுபவர்களுக்கு இது அருமையான உதாரணம். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அது வக்கீல் வாதமாகிவிடும், திறனாய்வு ஆகாது. ஏனென்றால் பத்தாவது சீசனிலும் இதே சாகர், இதே சாஹில், இதே கூட்டணிதான் இருந்தது. சேர்ந்து ஆடிய காலம் இன்னும் ஒரு வருஷம் கூடியிருந்தது. அணி ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது.

என்ன நடந்தது? ஒன்பதாவது சீசனில் நரேந்தர் என்ற புதுமுக ரைடர் 243 ரைடு புள்ளி குவித்தார். ரைடர் உள்ளே போய் ஆளைத் தொட்டுப் புள்ளியோடு வந்தால் வெளியே இருக்கும் கார்னர் திரும்பக் களத்துக்கு வருவார். ஏழு பேர் நின்றால்தான் கைகோத்து நிற்கும் செயின் முழுமையாக இருக்கும். தடுப்பாட்டத்தின் பாதி பலம் ரைடரின் காலில் இருக்கிறது. அடுத்த ஆண்டு எதிரணிகள் நரேந்தரையும் படித்துவிட்டன, சாகரின் பாய்ச்சலையும் படித்துவிட்டன. பதினொன்றாவது சீசனில் நிதேஷ் குமாரைத் தடுப்பாட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே சீசனில் முதன்முதலாக 100 பிடிப்புள்ளி எடுத்துக் காட்டியவர் அவர். தலைவாஸுக்கும் நன்றாகவே ஆடினார். அணி மறுபடியும் ஒன்பதாம் இடம். ஆகவே முதல் தீர்ப்பு இப்படித்தான் வரும்: கூட்டாக ஆடிய காலம் இல்லாமல் தடுப்பாட்டம் அமையாது; அது மட்டும் இருந்தாலும் போதாது.

இந்த இடத்தில் தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதனைச் சொல்லாமல் போக முடியாது. 1975-இல் பிறந்தவர். 2016-இல் நாற்பதைத் தாண்டிய வயதில் பாட்னா பைரேட்ஸ் தலைவராகப் புரோ கபடிக் கோப்பை வாங்கினார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். வலது கார்னரில் இருபது வயதுப் பையன்களின் வேகம் அவரிடம் இருந்திருக்க வாய்ப்பில்லை. அவரிடம் இருந்தது பொறுமை: எந்த ரைடில் பிடிக்கக் கூடாது என்ற தெளிவு. இரண்டு ரைடு தொடர்ந்து புள்ளியில்லாமல் போனால் மூன்றாவதில் எதிரணி ரைடர் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெளியேற வேண்டும். அதுதான் பிடிக்கும் நேரம். முதல் இரண்டு ரைடில் சும்மா நிற்கத் தெரிந்தவன்தான் நல்ல கார்னர். நம் கல்லூரி முகாம்களில் சும்மா நிற்பதற்குப் பயிற்சி தருகிறார்களா? விடியற்காலை ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் தருகிறார்கள். முப்பது விநாடி ரைடில் இரண்டு விநாடி வெடிக்க வேண்டியவனுக்கு அந்த ஓட்டத்தால் வியர்வையைத் தவிர என்ன கிடைக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

கடுமையான முகாம்தான் கடுமையான தடுப்பாட்டத்தைத் தரும் என்ற எதிர்வாதம் ஒன்று உண்டு. அதற்கு அமெரிக்காவிலிருந்தே பதில் வந்திருக்கிறது. 2015 முதல் 2019 வரை அங்கே ஆறு பல்கலைக்கழகக் கால்பந்து அணிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2021-இல் வெளியானது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்ட சம்பவங்களில் 72 சதவீதம் ஆட்டத்தில் அல்லாமல் பயிற்சியில் நடந்தவை. சீசன் முழுவதிலும் முகாம் பிடிக்கும் காலம் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் சம்பவங்களில் ஏறக்குறைய பாதி அந்த முகாமில் நடந்தவை. அதே ஆண்டு அவர்களுடைய கல்லூரி விளையாட்டு அமைப்பு முகாமின் முழு மோதல் நாட்களுக்குக் கடிவாளம் போட்டது: 25 பயிற்சி நாட்களில் முழுக் கவசத்தோடு மோதுவது 9 நாள் மட்டும். அதற்கு முன்பே 2018-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது வீரர் பயிற்சி ஓட்டத்தின்போது வெப்பத் தாக்கத்தில் விழுந்து, இரண்டு வாரத்தில் இறந்துபோனார். காரைக்காலின் கடலோரப் புழுக்கத்தில் மதியம் மூன்று மணிக்குப் பையன்களை ஓடவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் ஆட்டத்தில் தலைக்கு வருவதைவிட முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் வருவது அதிகம். முகாமில் தினமும் முழு வேகத்தில் செயின் போட்டு இழுத்தால், போட்டிக்குப் போகும்போது இரண்டு கார்னரில் ஒருவர் கட்டோடு பெஞ்சில் இருப்பார்.

இனி காரைக்காலுக்கு வருவோம். இங்கே நிலைமை மற்ற டெல்டா ஊர்களைப் போன்றது அல்ல. சுரக்குடியிலிருந்து காரைக்கால் கல்லூரிக்குப் போகும் மாணவர் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறார். பல்கலைக்கழக அணித் தேர்வு என்றால் மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்களைக் கடந்து புதுச்சேரி வரை சுமார் 130 கிலோமீட்டர் போக வேண்டும். பக்கத்தில் நாகப்பட்டினத்திலும் திருவாரூரிலும் படிக்கும் பையன்கள் வேறு பல்கலைக்கழகத்தின் கீழ். மன்னார்குடிப் பக்கத்து வடுவூர் அந்தத் திருவாரூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கபடிக்கென்றே பெயர் வாங்கிய ஊர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் அவ்வூர் அபினேஷ் இருந்தார். பொங்கலுக்குப் பிறகு அறுவடை முடிந்த வயல்களில் ஊர்ப் போட்டிகள் தொடங்கினால் புதுச்சேரி, தமிழ்நாடு என்ற எல்லைக்கோடு யாருக்கும் ஞாபகம் வராது. இந்தப் பையன்கள் எல்லாரும் ஒருவரோடொருவர் மோதுவார்கள். ஆனால் கல்லூரி முகாம் நடக்கும் மாதங்களில் வயலில் சம்பா நிற்கும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். கல்லூரி அணி தன் மைதானத்துக்குள், தன் ரைடர்களோடு மட்டும் சுருண்டுவிடுகிறது.

அந்த எல்லைக்கோட்டைக் குறையாகப் பேசுவதே இங்கே வழக்கம். தடுப்பாட்டத்தைப் பொறுத்தவரை அது ஒரு லாபம் என்பேன். ஒரே பல்கலைக்கழகப் போட்டியில் சந்திக்கப்போகும் கல்லூரியோடு பயிற்சி ஆட்டம் ஆடத் தயங்குவதில் நியாயம் உண்டு. நம் செயின் எப்படி மூடுகிறது என்று அவர்கள் பார்த்துவிடுவார்கள். நாகப்பட்டினம், திருவாரூர்க் கல்லூரிகளோ நமக்கு உள்போட்டி எதிரி அல்ல. தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி வரைக்கும் போனால்தான், அதுவும் பல்கலைக்கழக அணியாகத்தான், எதிரே வருவார்கள். ஒளிக்க வேண்டியது எதுவும் இல்லை. அறிமுகமில்லாத கால்கள் பக்கத்திலேயே கிடைக்கின்றன, அழைப்பதுதான் பாக்கி.

தரையும் ஒரு பிரச்சினை. மண்ணில் வெறுங்காலோடு பழகிய பிடி, 'மேட்' என்கிற விரிப்பில் அப்படியே வராது. மண்ணில் ரைடரின் கால் சறுக்கும், கணுக்காலைத் தொட்டாலே தடுமாறுவான். மேட்டில் ஷூ பற்றிக்கொள்ளும். அதே கணுக்காலைப் பிடித்தவனை ரைடர் இழுத்துக்கொண்டே போய்விடுவான். அங்கே தொடைப்பிடியும், கவர் கொடுக்கும் பிளாக்கும்தான் காப்பாற்றும். முகாம் முழுக்க மண்ணில் ஆங்கிள் ஹோல்டு போட்டு ஜெயித்த பையன் முதல் மேட் ஆட்டத்தில் திகைப்பதை அவன் தவறு என்று சொல்வது அநியாயம். கல்லூரியில் மேட் இல்லையென்றால் கடைசி வாரத்தையாவது மேட் உள்ள இடத்தில் நடத்த வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். கல்லூரி முகாமில் சொந்த ரைடர்களைப் பிடித்துக் காட்டிய தடுப்பாட்டத்துக்கு மதிப்பெண் தரக் கூடாது. அதை வைத்து ஏழு பேரைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. முகாமின் கடைசி வாரத்தில் மூன்று வெளி அணிகளையாவது வரவழையுங்கள். ஒவ்வொரு பிடியும் எத்தனையாவது ரைடில் முயலப்பட்டது, வென்றதா தோற்றதா, தோற்றபோது எத்தனை பேர் தொடப்பட்டார்கள் என்று ஒரு மாணவரை உட்கார வைத்து எழுதுங்கள். அந்தத் தாளில் முதல் இரண்டு ரைடில் தோற்ற பிடிகள் யார் பெயரில் அதிகமோ, அவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கார்னரில் நிறுத்தாதீர்கள்.